ஏழாம் கேள்வி

மார்ச்சில் நீர்ச்சந்தியைக் கடந்து
போர்வெனீர் போனேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு வினாத்தாள்,
நனையாமல் சுற்ற ஒரு தார்ப்பாய்.
ஊர்ப்பெயருக்கு 'வரப்போவது' என்று பொருளாம்.
இறங்கிய மறுநாளே
துறைமுகச் சன்னலில் அட்டை தொங்கியது:
இன்று படகு வராது.

மூன்று நாள் வரவில்லை.
சிலியின் கடைக்கோடியில், விடுதியறையில்,
வேறு வேலையில்லாமல்
தாள்களைப் பிரித்தேன்.
எட்டாம் வகுப்பு. ஏழாம் கேள்வி:
எனக்குக் கணக்கு வரும்.
ஒன்று என்றால் துளியும் இல்லை
ஐந்து என்றால் ஐயமே இல்லை
ஏதாவது ஓர் எண்ணைச் சுழி.

டாங்கோ எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டிருந்தான்,
வகுப்பில் எனக்குத் தூக்கம் வரும் என்பதற்கும்.
தேர்வில் மூன்று புள்ளி இரண்டு.
ஏழுக்கு நான்கு எடுத்தால்தான் தேர்ச்சி.

எலியேசர் ஓரத்தில் எழுதியிருந்தான்:
யாரோடு ஒப்பிட்டு?
அண்ணனோடு என்றால் ஒன்று.
எங்கள் நாயோடு என்றால் நான்கு.

யெர்கா மான்சியா
ஒன்றைச் சுழித்திருந்தாள்.
சுழித்தாள் என்பது சரியில்லை,
உழுதிருந்தாள்.
பேனா முனை தாளைக் கிழித்து
அடுத்த தாளிலும் அதற்கடுத்ததிலும்
தடம் இறங்கியிருந்தது.
எனக்கு வாசிக்க வரும்:
அதன் மேலும் அந்தப் பள்ளம்.
எனக்கு நண்பர்கள் உண்டு:
அதன் மேலும்.
விரலுக்குத் தெரிந்தது.
ஸ்கேனருக்குத் தெரியாது.
அவளுக்கு மூன்று புள்ளி ஒன்பது.

நாலாம் நாள் துறையில் அவளைப் பார்த்தேன்.
பள்ளி மேலங்கியில் பேர் தைத்திருந்தது.
அம்மாவின் ரொட்டிக்கடை,
பலகை பறக்காமலிருக்க நான்கு கல்.
படகு வருமா என்று
கேட்க வந்தவர்கள்
அட்டையைப் பார்க்கவில்லை.
அவளைக் கேட்டார்கள்.
'பதினொன்றரைக்கு மேல்' என்றாள்,
ரொட்டி சுற்றியபடி.
பதினொன்று ஐம்பதுக்கு வந்தது.

கட்டம் போட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தாள்.
காற்றழுத்தம், வீச்சு, திசை,
மூன்று மணிக்கொரு வரி.
அழுத்தம் இறங்கும் வேகத்தைக்
காற்றின் வேகத்தால் பெருக்கி
தானே கண்டெடுத்த ஓர் எண்ணால் வகுத்து,
அடியில் கோடு கிழித்து:
அறுபத்தொரு நாள் சொன்னது
ஐம்பத்துநாலு பலித்தது.

'இது கணக்கு' என்றேன்.
என்னைப் பார்த்த பார்வையில்
கொஞ்சம் இரக்கம் இருந்தது.
'இல்லை. இது காற்று.'

இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
சங்கு ஊதிவிட்டது.
தவிர, எனக்குக் கேட்கத்தான் சம்பளம்.

அலுவலகத்தில் வெள்ளைப்பலகை.
இடதுபக்கப் பெட்டியில் நம்பிக்கை,
வலதுபக்கம் மதிப்பெண்.
நடுவில் அம்பு எப்படிப் போகும் என்று
ஏப்ரல் முழுக்கப் பேசினோம்.
இப்படி வரைந்து அழித்து
அப்படி வரைந்து அழித்து
அந்த இடம் மட்டும் சாம்பல் பூத்துவிட்டது.
ஒன்று போட்டதால் மூன்று புள்ளி ஒன்பதா,
மூன்று புள்ளி ஒன்பதுகள் சேர்ந்து
அந்த ஒன்றை அழுத்தினவா?
'உனக்கு வராது' என்று
முதலில் சொன்ன வாய் எது,
எந்த வகுப்பில், எந்த மழைநாளில்?
என் தாளில் அதற்குக் கேள்வி இல்லை.

நவம்பரில் மறுபடி.
டாங்கோ இம்முறை இரண்டு சுழித்திருந்தான்,
மதிப்பெண் ஏறியிருந்தது.
எலியேசர் நாயைப் பற்றி எதுவும் எழுதவில்லை.
விசாரிக்கவா என்று இருந்தது.

யெர்கா ஏழில் எதையும் சுழிக்கவில்லை.
பக்கத்தில், சின்ன எழுத்தில்:
தென்மேற்குக் காற்று, மணிக்கு எழுபது.
நாளை கேளுங்கள்.

விடையில்லை என்றால்
தொண்ணூற்றொன்பது தட்ட வேண்டும்.
தட்டினேன்.
நான்கு புள்ளி சுழியம் என்று
அடுத்த கட்டத்தில் ஏற்றினேன்.
பிறகு ஏனோ தாளைத் திருப்பி
அதன் முதுகைத் தடவிப் பார்த்தேன்,
ஒருமுறை,
வெளிச்சத்தில் சாய்த்து இன்னொருமுறை.